188-ல எஃப்ஐஆர் போட்டது செல்லுமா, செல்லாதா? ஊரடங்கு வழக்குகள் பற்றி

ரோந்து மதுரை:
"கொரோனா ஊரடங்குல மதுரை போலீஸ் போட்ட 188 எஃப்ஐஆர் அத்தனையும் வெத்துப் பேப்பர், சட்டம் தெரியாம போட்டது" என்று ஒருத்தர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 188 என்பது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில், அரசு ஊழியர் போட்ட உத்தரவைத் தெரிந்தே மீறுகிற குற்றம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 188, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அப்படி ஒரு குற்றம் பற்றித் தகவல் வந்தால் 154-ன்படி எஃப்ஐஆர் போட்டே ஆகணும்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. அதே 25-ம் தேதிதான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு, நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியில். அன்றைக்குக் கோரிப்பாளையத்தில் பேரிகார்டு போட்டு நின்ற எஸ்.ஐ. கையில் என்ன இருந்தது? 188, நோய் பரவும்படி கவனமில்லாமல் நடப்பதற்கான 269, அப்புறம் 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். மாஸ்க் இல்லாவிட்டால் 200, எச்சில் துப்பினால் 500 என்று பொது சுகாதாரச் சட்டத்தில் அபராதம் நிர்ணயித்ததே செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஐந்து மாதம் எதை வைத்து ஆளைத் தடுப்பது?

கீழவாசல் வக்கீல்:
அட்டவணையைப் படித்தவர் அதே சட்டத்தின் 195-ஐயும் படித்திருக்கலாம். 195(1)(ஏ): 188 குற்றத்தை நீதிமன்றம் கையில் எடுக்கணும் என்றால், உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் தரணும். இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை போதாது. இதைச் சொன்னது டெல்லிக்காரன் இல்லை, நம்ம ஹைகோர்ட்டு மதுரைக் கிளை. 2018 செப்டம்பர், ஜீவானந்தம் வழக்கு. 172 முதல் 188 வரை உள்ள குற்றங்களுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் பதியவே கூடாது. 41-ன்படி ஆளைத் தடுக்கலாம், பிடிக்கலாம். உடனே உரிய அதிகாரிக்குத் தகவல் சொல்லணும், அவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தரணும். தீர்ப்பு வந்து ஒன்றரை வருஷம் கழித்து ஊரடங்கு. தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

ரோந்து மதுரை:
195 கட்டிப்போடுவது நீதிமன்றத்தை. விசாரணையை இல்லை. 1998-ல் உச்ச நீதிமன்றம், பஞ்சாப் அரசு எதிர் ராஜ் சிங் வழக்கு: 195 போலீஸ் விசாரணைக்குத் தடை இல்லை. உச்ச நீதிமன்றம் பெரிசா, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற கிளை பெரிசா? அட்டவணையில் 188 என்னவென்று போட்டிருக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆனையூரான்:
வக்கீல் சார், உத்தரவு கலெக்டருடையது. அப்போ மாட்டுத்தாவணியில் பிடிபடுகிற ஒவ்வொருத்தனுக்கும் கலெக்டர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுப் புகார் தரணுமா? ஆளைப் பிடித்த ஏட்டு ரிப்போர்ட் எழுதி, அது ஸ்டேஷன், ஏ.சி. ஆபீஸ், கலெக்டரேட் என்று போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த ஊரடங்கு நீட்டிப்பு வந்துவிடும். சட்டப் புத்தகத்தில் சரி, சிம்மக்கல் முக்கில் நடக்காது.

கீழவாசல் வக்கீல்:
நடக்காது என்பதற்காகச் சட்டத்தைத் தாண்டலாமா தம்பி? அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்படாதவனைத் தண்டிக்கப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51 இருந்தது. அதிலும் 60-வது பிரிவு இதே பூட்டைத்தான் போட்டிருக்கிறது, உரிய அதிகாரியின் புகார் வேணும். 269 ஒன்றுக்குத்தான் அந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு நோய் பரவ வாய்ப்புள்ள செயல் என்று நிரூபிக்கணும். காய்ச்சல் இல்லாத ஆள் மாசி வீதியில் தனியாக வண்டியில் போனால் அதில் 269 எங்கே வருகிறது?

பரவை மார்க்கெட்:
எஃப்ஐஆரை விடுங்கள், எல்லையைப் பேசுங்கள். 2020 ஜூன் 24 முதல் முழு ஊரடங்கு மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களுக்கு மட்டும். வாடிப்பட்டி ஒன்றியம் இல்லை. சோழவந்தான் பக்கம் காய் ஏற்றுகிறவன் ஊரில் எல்லாம் திறந்திருக்கும், நாலு ஊர் தாண்டினால் தடுப்பு. ரோட்டில் எல்லைக்கல் ஒன்றுமில்லை. பேரிகார்டு நிற்கிற இடம்தான் எல்லை. முதலில் 30 வரை என்றார்கள், அப்புறம் ஜூலை 5, அப்புறம் 12, கடைசியில் 14. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பாஸில் தேதி மாறணும். இதில் உத்தரவு தெரிந்தே மீறினான் என்று எப்படிச் சொல்வீர்கள்? 188-க்கு அதுதானே அடிப்படை?

ரோந்து மதுரை:
தெரியாதாம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னது எதற்கு? பாஸ் விஷயத்தைக் கேளுங்கள். இ-பாஸில் கியூஆர் இருக்கும். போட்டோ எடிட்டிங்கில் தேதியை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்து வருவான். ஸ்கேன் பண்ணினால் பழைய தேதி, பழைய வண்டி நம்பர். ஆனால் வரிசையில் 60 வண்டி நிற்கும்போது, வெயிலில் ஸ்கிரீன் தெரியாமல், கையுறையோடு ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி, ஆர்.சி.யோடும் அடையாள அட்டையோடும் ஒப்பிடணும். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிஷம் ஆனால் பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும். இடைவெளிக்காக வைத்த சோதனையே இடைவெளியைக் கெடுக்கும். அதனால்தான் சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று பாஸ் காட்டினவனைச் சீக்கிரம் விட்டார்கள். சாவுக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர். எண்ணிப் பார்க்க வீட்டுக்குள் போனால் போலீஸ் அராஜகம், போகாவிட்டால் போலீஸ் மெத்தனம்.

கீழவாசல் வக்கீல்:
கஷ்டத்தை யாரும் மறுக்கவில்லை. கேள்வி 188. பதில் வரவில்லை.

ரோந்து மதுரை:
பதில் முதல் பதிவிலேயே இருக்கிறது. முதல் அட்டவணை.

ஆனையூரான்:
வண்டிப் பறிமுதல்? அதுவும் செல்லாதா?

கீழவாசல் வக்கீல்:
மோட்டார் வாகனச் சட்டம் 207-ல் வண்டியைப் பிடிக்க ஆர்.சி. இல்லை, லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்கிற மாதிரிக் காரணம் வேணும். ஊருக்குள் சுற்றினான் என்பது அதில் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102-ல் பிடித்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகணும், சாட்சி வைத்துப் பறிமுதல் பட்டியல், அதாவது மகஜர் போடணும், நீதிமன்றத்துக்குச் சொத்தை அனுப்புகிற ஃபார்ம் 95-ல் சொத்து ஏறணும். இதெல்லாம் இல்லாமல் சாவியைப் பிடுங்கி மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். வெயிலில் நின்று பேட்டரி இறங்கி, டயரில் காற்று போய், சிலதில் பெட்ரோலும் காணோம். என்னென்ன இருந்தது என்று மகஜரில் எழுதாததால் எதையும் கேட்கவும் முடியாது.

ரோந்து மதுரை:
மகஜருக்குச் சாட்சி யார் வருவான் சார், ஊரடங்கில்? தெருவே காலி. ஃபார்ம் 95 போட்டால் வண்டியை நீதிமன்றத்தில் காட்டணும். நீதிமன்றம் அவசர வழக்கு மட்டும் எடுத்த நேரம் அது. வண்டிக்காரன் வண்டியைத் திருப்பிக் கேட்டு 451 மனுப் போட்டு எத்தனை மாசம் அலைவான்? எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தது அவனுக்கு நல்லதுதான்.

பரவை மார்க்கெட்:
நல்லது செய்த கதையைச் சாத்தான்குளத்தில் சொல்லுங்கள். கடை அடைக்கும் நேரம் என்று ஆரம்பித்தது. அந்த எஃப்ஐஆரிலும் இதே 188, 269 இருந்தது. அப்பா, மகன் இரண்டு பேர் உயிர் போனது.

ரோந்து மதுரை:
அதை யாரும் நியாயப்படுத்தவில்லை. மதுரைக் கிளை தானாகக் கையில் எடுத்தது, சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது, வழக்கு மதுரையில்தான் நடந்தது. அதற்காகப் பேரிகார்டு போட்ட ஒவ்வொருத்தனையும் அந்தக் கூண்டில் ஏற்றுவீர்களா? பேச்சை மாற்றாதீர்கள்.

கீழவாசல் வக்கீல்:
மாற்றவில்லை. 188 போடக்கூடாத இடத்தில் போட்டதன் கொடூரமான முனை அது. இன்னொன்று: 188-க்கு அதிகபட்சம் ஆறு மாசம்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-ன்படி ஒரு வருஷத்துக்குள் நீதிமன்றம் எடுக்கணும். எத்தனை ஸ்டேஷன் அதைச் செய்தது?

ரோந்து மதுரை:
2020 மார்ச் 15 முதல் காலக்கெடுவை உச்ச நீதிமன்றமே நீட்டித்தது. அதையும் மறந்துவிட்டீர்களா?

கீழவாசல் வக்கீல்:
மறப்பேனா? அந்த நீட்டிப்பு போலீசின் குற்றப்பத்திரிகைக் கெடுவுக்குப் பொருந்தாது என்று 2020 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது காசி வழக்கில். எந்த ஸ்டேஷன் வழக்கு தெரியுமா? சமயநல்லூர். நம்ம மாவட்டம்.

ரோந்து மதுரை:
அது 167(2), கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்கிற ஜாமீன் விஷயம். 468 வேறு. கலந்தடிக்காதீர்கள். 188 வெத்துப் பேப்பர் என்றால், 2021 பிப்ரவரியில் சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அப்போதைய முதல்வர் ஏன் அறிவிக்கணும்? இல்லாத வழக்கை யாராவது வாபஸ் வாங்குவானா? வன்முறை, போலீஸ் பணியைத் தடுத்தது, மோசடியாக இ-பாஸ் வாங்கியது, இவற்றை மட்டும் விடவில்லை.

கீழவாசல் வக்கீல்:
நிற்காது என்று தெரிந்துதான் வாங்கினார்கள்.

ஆனையூரான்:
இப்போ புதுச் சட்டங்கள்: 188-க்குப் பதில் பிஎன்எஸ் 223, 195-க்குப் பதில் பிஎன்எஸ்எஸ் 215. நம்பர்தான் மாறியிருக்கிறது, பூட்டு அதே பூட்டு. நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் கோரிப்பாளையத்தில் நிற்கிறவன் இதே சண்டையைத்தான் போடணும்.

ரோந்து மதுரை:
புது அட்டவணையிலும் 223 பிடியாணை தேவையில்லாத குற்றம்தான், தம்பி. அதையும் பாருங்கள்.

பரவை மார்க்கெட்:
வாபஸ் என்று சொல்லியும் பாஸ்போர்ட் விசாரணையில் பெயர் வருகிறது. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். கோர்ட்டில் அந்த எஃப்ஐஆருக்கு வழக்கு எண்ணே இல்லை.

ரோந்து மதுரை:
ஸ்டேஷனில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்கிற அறிக்கை நகல் கேட்கணும். சும்மா வாயால் கேட்டால் யார் தருவான்?

கீழவாசல் வக்கீல்:
அந்த அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கே அனுப்பாத ஸ்டேஷன் எதன் நகலைத் தரும் அண்ணே?