ஸ்வாப்ல வந்த க்வில்ட் பிளாக்ஸ் ஒன்னுக்கொன்னு அளவு சேரல, ஒன்னுல சாயமும் இறங்குது, உதவி வேணும்

நூல்கண்டு கோவை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க க்வில்ட் குரூப்ல (துண்டுத் துணி சேர்த்து போர்வை தைக்கிறவங்க) 12 பேர் சேர்ந்து பிளாக் ஸ்வாப் பண்ணோம், அதாவது போர்வைக்கான சதுரத் துண்டை தைச்சு ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிறது. ஆளுக்கு 12 ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார் தைச்சு ஒன்ன தனக்கு வச்சுக்கிட்டு மீதி 11ஐ ஆளுக்கு ஒன்னா கொரியர்ல அனுப்பணும், பின்னணி ஹாஃப் ஒயிட், நட்சத்திரம் அவங்கவங்க இஷ்ட கலர். எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு, அக்கா பொண்ணுக்குப் பிறக்கப்போற குழந்தைக்கு க்வில்ட் தைக்கலாம்னு 3க்கு 4ஆ தரையில பரப்பி வச்சு பார்த்தா வரிசையே நேரா நிக்கல. 12½ இன்ச் இருக்க வேண்டியதுல எட்டு தான் சரியா இருக்கு, மூணு 12¼, ஒன்னு வெறும் 12. ஒரு பிளாக்குக்கு 3க்கு 3ஆ ஒன்பது சதுரம், எல்லாருமே அதை 4½ன்னு தான் வெட்டினதா சொல்றாங்க, அப்புறம் எப்படி இவ்ளோ வித்தியாசம்?

அந்த 12 இன்ச் பிளாக் எங்க குரூப்லயே மூத்தவங்க தைச்சது, 70 வயசு தாண்டிட்டாங்க, இன்னும் கால் மெஷின்ல தான் தைக்கிறாங்க. மூலையில சங்கிலித் தையல்ல அவங்க பேரோட முதல் எழுத்தை கடுகு சைஸ்ல போட்டிருக்காங்க. அதை விட்டுட்டு தைக்க எனக்கு மனசே வரல. எல்லாத்தையும் 12க்கு வெட்டிடலாமா?

இன்னொன்னு, ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்கு ஸ்டார்ச் அடிச்சு அயர்ன் வச்சேன், முக்கோணம் ஓரமா வெள்ளையில ரோஸ் கசிஞ்சிருக்கு. அப்படியே நிறுத்திட்டேன்.

பாபின் பெட்டி:
முதல்ல வெட்டாதீங்க பா! ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார்ல கூர் முனை பிளாக் ஓரத்துல போய் முட்டும், 12½ஐ 12 ஆக்கினா நாலு பக்கமும் கால் இன்ச் போயிடும், அடுத்த பிளாக்கோட சேர்க்கிறப்ப எல்லா முனையும் தையலுக்குள்ள போயி நட்சத்திரம் மொட்டையாயிடும். எதால அளந்தீங்க, டேப்பா ஸ்கேலா?

நூல்கண்டு கோவை:
தையல் டேப் தான் அக்கா, ரொம்ப வருஷமா இருக்கிறது.

பாபின் பெட்டி:
பழைய டேப் இழுபட்டிருக்கும், நம்பாதீங்க. தையல் மடிப்பை எல்லாம் நல்லா அழுத்தி அயர்ன் வச்சுட்டு ஸ்கேல்ல பாருங்க. அயர்னை இழுத்து தேய்க்காம, எடுத்து எடுத்து வைக்கணும், முக்கோணத்தோட சாய்வு ஓரம் இழுத்தா நீண்டுக்கும்.

ஆசாரி வீட்டுப் பொண்ணு:
அளவு ஏன் குறையுதுன்னு நான் சொல்றேன். எங்க அப்பா மரவேலை, இன்ச்சுக்கு எட்டு நூல்னு கணக்கு. க்வில்ட்டுக்கு தையல் விடுறது கால் இன்ச், அதாவது ரெண்டு நூல். நிறைய சாதா மெஷின்ல ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) ஓரத்தை ஒட்டி ஓட்டினா மூணு நூல் கிட்ட வந்துடும், ஜாக்கெட் தைச்சு பழகின கை அதைத்தான் பிடிக்கும். ஒரு நூல் தானேன்னு தோணும், ஆனா ஒரு ஜாயின்ட்ல ரெண்டு துணியும் ஒவ்வொரு நூல் இழக்குது, அந்த பிளாக்ல குறுக்கே ரெண்டு ஜாயின்ட், மொத்தம் நாலு நூல், அரை இன்ச் போச்சு. உங்க 12 அதுதான். அரை நூல் மட்டும் கூடுதலா விட்டவங்களோடது 12¼. யாரும் தப்பா வெட்டல.

செக் பண்ண சுலபமான வழி, 1½ இன்ச் பட்டி மூணை சேர்த்து தைச்சு அயர்ன் பண்ணுங்க, நடுப்பட்டி சரியா 1 இன்ச் இருக்கணும். குறைஞ்சா, ஸ்கேலோட கால் இன்ச் கோட்டுல ஊசியை இறக்கி, ஸ்கேல் ஓரத்துல மெஷின் மேல டேப் ஒட்டிடுங்க, அதுதான் இனிமே உங்க கோடு. மடிப்பே கொஞ்சம் துணியை தின்னுடும், அதனால ஒரு இழை உள்ளே தள்ளி ஒட்டினா இன்னும் நல்லது.

நூல்கண்டு கோவை:
அப்பாடா, அவங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சதே எனக்கு பெரிய நிம்மதி. இப்ப இருக்கிறதை எப்படி சேர்க்கிறது?

பாபின் பெட்டி:
எல்லா பிளாக்குக்கும் ஃப்ரேம் கட்டுங்க. 2 இன்ச் பட்டி வெட்டி நாலு பக்கமும் தைச்சா 12 பிளாக் 15 ஆகும், 12½ பிளாக் 15½ ஆகும், எல்லாத்தையும் நடு பார்த்து 14½க்கு வெட்டிடுங்க. வெட்டு பட்டியில தான் விழும், நட்சத்திரத்தை தொடாது. பெரியம்மா பிளாக்ல ஃப்ரேம் 1¼ தெரியும், மத்ததுல 1 இன்ச் கிட்ட, அந்த வித்தியாசம் கண்ணுக்கு படாது. சேர்த்து தைக்கிறப்ப தையலுக்குள்ள போறது போக க்வில்ட் 42க்கு 56 வரும், குழந்தை தவழுற வயசு வரைக்கும் உதவும். ஒன்னே கால் மீட்டர் துணி தாராளம்.

மதுரை மல்லி:
சிவப்புக்கு கல்லு உப்பு போட்டு ஊற வைங்க, சாயம் நின்னுடும், எங்க அம்மா சுங்குடி சேலைக்கு அப்படித்தான் செய்வாங்க.

ஆசாரி வீட்டுப் பொண்ணு:
மல்லி, சாயம் போடுற தொட்டியில உப்பு வேணும், அது துணிக்குள்ள சாயத்தை ஏத்த. ஏறின பிறகு ஒட்டாம நிக்கிற சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது மா. இவங்களுக்கு அதை வெளியேத்தணும். பெரிய வாளி நிறைய, கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, கொஞ்சம் லிக்விட் சோப், பிளாக்கை விரிச்சு முழுசா முங்க விடுங்க. தண்ணி நிறைய இருந்தா தான் இறங்கின சாயம் திரும்ப வெள்ளையில ஒட்டாது. கலர் வந்தா மாத்துங்க. கசக்காதீங்க, பிழியாதீங்க, ஓரம் பிரிஞ்சுடும். ரோஸ் போற வரைக்கும் அயர்ன் பக்கமே போகக்கூடாது, சூடு பட்டா கறை இறுகிடும்.

கட்டம் கட்டமா:
இந்த ஸ்வாப்பை நடத்தினது நான் தான். வெட்டுற அளவை மட்டும் சொன்னேன், தைச்சு அயர்ன் பண்ணதும் 12½ இருக்கணும்னு எழுதாம விட்டுட்டேன். அடுத்த முறை ஆளுக்கு ஒன்னே ஒன்னு முதல்ல தைச்சு, ஸ்கேல் மேல வச்சு போட்டோ அனுப்பின பிறகு தான் மத்ததை வெட்டணும். துணியையும் வெட்டுறதுக்கு முன்னாடி அலசணும், ஈரத்துல வெள்ளைத் துணி வச்சு அழுத்தி கலர் ஒட்டுதான்னு பார்க்கணும். உங்களுக்கு இவ்ளோ வேலை வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க.

நூல்கண்டு கோவை:
அய்யோ அக்கா, மன்னிப்பெல்லாம் எதுக்கு. நாலு நாள் கழிச்சு வந்து சொல்றேன், ஸ்கேல்ல பார்த்ததுல 12¼ன்னு நினைச்சதுல ஒன்னு சரியா 12½ தான், டேப் தான் பொய் சொல்லியிருக்கு. சிவப்பு மூணாவது தண்ணியில தெளிஞ்சுடுச்சு, ஒரு முனையில மட்டும் உத்துப் பார்த்தா லேசா ரோஸ். ஒன்பது பிளாக்குக்கு ஃப்ரேம் கட்டியாச்சு. பெரியம்மாவோட எழுத்து தையல்ல இருந்து ரெண்டு நூல் தள்ளி முழுசா நிக்குது, போட்டோ அனுப்பினேன், உடனே போன் பண்ணி குழந்தைக்கு என்ன பேர் யோசிச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. ஃப்ரேமுக்கு அடர் நீலம் எடுத்தேன்.

மதுரை மல்லி:
அந்த நீலத்தை அலசுனீங்களா?

நூல்கண்டு கோவை:
வெட்டுறதுக்கு முன்னாடியே அலசிட்டேன் மல்லி, ரெண்டு தண்ணி மை மாதிரி போச்சு, மூணாவது தான் தெளிஞ்சது.