லாத்வியாவின் ஆற்றுப் படுகைச் சட்டம்: திட்டம் எழுதுவது ஓரிடம், அதிகாரம் வேறிடமா?

கேள்வி: சட்டமாணவி_நெல்லை

அனைவருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை படிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் சேர்ந்த சிறு நாடுகள், ஒன்றியத்தின் நீர்ச் சட்டங்களைத் தம் மண்ணில் எவ்வாறு நடைமுறைப்படுத்தின என்பது என் ஆய்வேட்டில் ஓர் இயல். அதற்கு லாத்வியாவை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறுகளை மாவட்ட எல்லையின்படி அல்லாமல் படுகையின்படி நிர்வகிக்க வேண்டும் என்று ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணை பிறப்பித்தது. லாத்வியா அதை ஏற்று, ஒன்றியத்தில் சேர்வதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் முன்பே, 2002 செப்டம்பர் 12 அன்று நீர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் நாட்டைத் தவுகாவா, கௌயா, லியெலுபெ, வெந்தா என்று நான்கு படுகை வட்டாரங்களாகப் பிரிக்கிறது. இதுவரை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

குழப்பம் அதன் பிறகுதான். நான்கு படுகைகளுக்கும் நான்கு ஆணையங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. நான்கு திட்டங்களையும் ரீகாவில் உள்ள சுற்றுச்சூழல், நிலவியல், வானிலை மையம் என்ற ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது. அதற்கு அபராதம் விதிக்கவோ, ஓர் ஆலையை மூடச் சொல்லவோ அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. படுகைதோறும் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அதன் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. அப்படியானால் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதப்படும் இந்தத் திட்டங்களை நிறைவேற்றுவது யார்? 2015-க்குள் எல்லா நீர்நிலைகளும் ‘நல்ல நிலை’யை எட்ட வேண்டும் என்ற இலக்கு 2021-க்கும், பின்னர் 2027-க்கும் தள்ளிப்போனதற்கு யார் பொறுப்பு? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: மதகடி

வணக்கம் சகோதரி. சட்டத்தை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். ஆனால் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தென்படாது, ஏனென்றால் அந்தச் சட்டம் இலக்கையும் கால அட்டவணையையும் சொல்லிவிட்டு, கட்டாயப்படுத்தும் வேலையை அமைச்சரவை விதிகளிடம் விட்டுவிடுகிறது. கழிவுநீரை ஆற்றில் விடுவதைப் பற்றிய 34-ஆம் எண் விதிகளும், மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் ஆகியவற்றின் தரத்தைப் பற்றிய 118-ஆம் எண் விதிகளும் 2002-லேயே வந்தன. நீரைப் பயன்படுத்துவதற்கான அனுமதியைப் பற்றிய 736-ஆம் எண் விதிகள் 2003 டிசம்பரில் வந்தன. இவற்றின்படி அனுமதி வழங்குவதும், சோதனையிடுவதும், தண்டம் விதிப்பதும் அரசுச் சுற்றுச்சூழல் பணியகத்தின் வேலை. நீங்கள் குறிப்பிடும் மையமோ, சட்டப்படி அரசுக்குச் சொந்தமான ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனம். அளப்பதும் எழுதுவதும் அதன் பணி, ஆணையிடுவது அன்று.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்: படுகைத் திட்டம் தானாக யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்படும்போது, அந்தக் கழிவுநீர் விழும் ஆற்றுப் பகுதி ‘இடர் உள்ளது’ என்று திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தால், பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் அனுமதியில் எழுதப்படும் வரம்பு இறுக வேண்டும். திட்டத்தின் சொல் நடைமுறைக்கு வருவது அந்தத் தாளின் வழியாகத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அனுமதி பெற வேண்டிய ஓர் உரிமையாளரும், விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஒரு குழாயும் இருக்கும் இடத்தில் இந்த அமைப்பு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 1980-களின் இறுதியில் ரீகாவின் கழிவுநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே தவுகாவாவிலும் வளைகுடாவிலும் கலந்தது. பக்கத்திலிருக்கும் யூர்மலா கடற்கரையில் குளிக்கவே தடை இருந்தது. தவுகாவ்கிரீவா சுத்திகரிப்பு நிலையம் 1991-இல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. நகரக் கழிவுநீர் குறித்த ஒன்றிய விதிகளை முழுமையாக நிறைவேற்ற லாத்வியாவுக்கு 2015 இறுதிவரை இடைக்கால அவகாசம் கிடைத்தது; அதற்குள் சிறு நகரங்கள் வரை ஒன்றிய நிதி பாய்ந்தது. பெருமையைப் படுகைச் சட்டத்துக்கு மட்டும் கொடுப்பது நியாயமாகாது. பணமும் காலக்கெடுவும் வேறு கதவு வழியாக வந்தன.

உள்ளாட்சிகளைப் பற்றி ஒரு சொல். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றுள்ளாட்சிகள் இருந்த காலத்தில்தான் முதல் திட்டங்களுக்கான பணி நடந்தது. நிதியில் தம் பங்கைப் போட முடியாத ஊராட்சிகளிடம் திட்டத்தில் பணிகளை ஒப்படைத்து என்ன பயன்? 2009-இல் அவை 118-ஆகவும், 2021-இல் 43-ஆகவும் இணைக்கப்பட்டன. எல்லைகள் இன்றும் படுகையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு பொறியாளரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்காவது அவை வளர்ந்திருக்கின்றன.

மறுமொழி 2: வடிகால்வாய்

மதகடி ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அவர் சொன்ன கதையின் மறுபாதி லியெலுபெ படுகையில் இருக்கிறது. உங்கள் இயலுக்கு ஒரே ஒரு படுகையைத்தான் விரிவாக எழுத முடியும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லித்துவேனியாவிலிருந்து வரும் மூசா, மேமெலெ என்ற இரு ஆறுகள் பௌஸ்கா நகரில் கூடும் இடத்தில் லியெலுபெ பிறக்கிறது. படுகையில் ஏறத்தாழப் பாதி லித்துவேனியாவில் இருக்கிறது. லாத்வியப் பக்கம் ஸெம்கலெ சமவெளி. நாட்டிலேயே வளமான மண். கோதுமையும் கடுகு வகைப் பயிரான ரேப்பும் கண்ணுக்கெட்டிய வரை. களிமண் நிலம் ஆகையால் வசந்தத்தில் நீர் தேங்கினால் டிராக்டர் இறங்காது. எனவே சோவியத் காலத்தில் பெரும் பரப்பில் வயலுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்தார்கள். சிற்றாறுகளை நேராக வெட்டி வாய்க்கால்களாக்கினார்கள்.

இப்போது சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 1997-ஆம் ஆண்டின் பாதுகாப்பு வளையச் சட்டப்படி, நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆற்றுக்கு ஊர்ப்புறங்களில் இரு கரையிலும் குறைந்தது 300 மீட்டர் பாதுகாப்பு வளையம் உண்டு. ஆனால் உரமும் பூச்சிமருந்தும் இடக்கூடாது என்ற தடை கரையை ஒட்டிய 10 மீட்டருக்குத்தான். அந்தப் பத்து மீட்டர்ப் புல்தரையை உழவர் நேர்மையாக விட்டுவைத்தாலும், இலையுதிர்காலத்திலும் உறைபனி விடும் குளிர்கால நாட்களிலும் மழை வயலுக்குள் இறங்கி, நைட்ரேட்டைக் கரைத்துக்கொண்டு, மண் குழாயில் புகுந்து, அந்தப் புல்தரைக்கு அடியிலேயே ஓடி, வாய்க்கால் சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வாயிலிருந்து தெளிந்த நீராகக் கொட்டுகிறது. பார்ப்பதற்கு ஊற்று நீர்போல இருக்கும். அதற்கு யாரும் அனுமதி பெற வேண்டியதில்லை. எனவே அதில் வரம்பும் கிடையாது.

நைட்ரேட் பாதிப்புக்குள்ளாகும் பகுதி என்று லாத்வியா பழைய தோபெலெ, பௌஸ்கா, யெல்கவா, ரீகா மாவட்டங்களை அறிவித்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு எக்டேருக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் சாணவுரம் இடக்கூடாது. குளிர்காலத்தில் உரம் பரப்பவும் கூடாது. லித்துவேனியா தன் நாடு முழுவதையுமே அப்படி அறிவித்துவிட்டது. ஒரே ஆற்றின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஒரே ஒன்றிய விதியை இரு நாடுகள் இருவிதமாகப் பொருத்தியிருப்பதை உங்கள் ஆய்வில் கட்டாயம் காட்ட வேண்டும்.

இன்னும் முக்கியமானது அமைச்சகப் பிரிவினை. படுகைத் திட்டம் சுற்றுச்சூழல் தரப்பிலிருந்து வருகிறது. அரசுக்குச் சொந்தமான வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாருவதோ வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள ஒரு நிறுவனம். அது வேறொரு சட்டத்தின் கீழ், 2010-ஆம் ஆண்டு வடிகால் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் கணக்கில் வாய்க்கால் நன்றாக இருக்கிறது என்றால் நீர் தடையின்றி விரைந்து ஓடுகிறது என்று பொருள். படுகைத் திட்டத்தின் கணக்கில் அதே வாய்க்கால் வளைந்து, மெதுவாக, நிழலோடு ஓட வேண்டும். இரண்டும் ஒரே நீரோட்டம். என்னைக் கேட்டால், ஆணையம் இல்லாததைவிட இந்த முரண்பாடுதான் பெரிய தடை. அண்மை ஆண்டுகளில் ‘லைஃப் குட்வாட்டர்’ என்ற திட்டத்தின் கீழ் வண்டல் படியும் குட்டைகள், இரு படிகளாக வெட்டப்பட்ட வாய்க்கால்கள் போன்றவற்றை முயன்றிருக்கிறார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் அவை முன்மாதிரி இடங்களோடு நின்றுவிட்டால், அறிக்கையில் படம் போட மட்டுமே உதவும்.

சட்டமாணவி_நெல்லை

இருவருக்கும் மிக்க நன்றி. வடிகால்வாய் ஐயா காட்டிய இரு சட்டங்களின் மோதலை நான் கவனிக்கவே இல்லை. இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. சிறு நீர்மின் நிலையங்களுக்கு அனுமதி தேவைப்படுகிறதே, அப்படியிருந்தும் அவற்றால் ஆறுகள் கெட்டிருப்பதாகச் சொல்வது ஏன்? மேலும், தவுகாவாவின் மேற்பகுதி ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும்போது அந்தப் படுகைக்குத் திட்டம் எழுதுவதற்கு என்ன பொருள்?

மறுமொழி 3: கலிங்கு_நீர்

முதல் ஐயத்துக்கு: அனுமதி இருக்கிறது, ஆனால் அணை அனுமதிக்கு முந்தியது. 1990-களில் சிறு நீர்மின்சாரத்துக்கு இரட்டை விலை தரப்பட்டது. பழைய ஆலைத் தடுப்பணைகளில் எல்லாம் சுழலிகள் ஏறி, எண்ணிக்கை ஏறத்தாழ 150-ஐத் தொட்டது. 2002 ஜனவரியில் வந்த 27-ஆம் எண் விதிகள், பட்டியலிட்ட ஆறுகளில் மீன்வளத்தைக் காக்கும் பொருட்டுப் புதிய அணைகளைத் தடை செய்தன. கட்டி முடித்தவை நின்றன. பெரும்பாலானவற்றில் மீன் ஏணியும் இல்லை. நீர் குறைவான கோடையில் அணைக்கு மேலே குளம் நிரம்பும் வரை சுழலியை நிறுத்தி வைப்பார்கள். கீழே ஆறு மெலிந்து, கற்கள் வெளியே தெரியும். கரையோரக் குட்டைகளில் சிக்கிய மீன்குஞ்சுகள் அங்கேயே மடியும். சில மணி நேரம் கழித்து மதகு திறந்ததும் நீர் ஒரேயடியாகப் பாயும். குறைந்தபட்ச ஓட்டம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருக்கும்; ஆனால் ஆளில்லாத இடத்தில் அதை யார் அளப்பது? இந்த நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து நாட்டின் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கையே தருகின்றன. நீர்மின்சாரத்தின் பெரும்பகுதி தவுகாவாவின் மூன்று பெரிய அணைகளிலிருந்து வருகிறது.

இதற்கும் நிலைக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. நீர்நிலையின் தரம் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. அளவுகோல்களில் எது மிக மோசமோ அதுவே முழு மதிப்பெண். ரசாயனம் தேறியும் மீன் ஏற முடியாவிட்டால் ஆறு தேறாது. லாத்வியாவில் நல்ல நிலையை எட்டிய மேற்பரப்பு நீர்நிலைகள் இன்னும் பாதிக்கும் குறைவு என்று படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐயம் சிக்கலானது. தவுகாவா ரஷ்யாவின் வல்தாய் குன்றுகளில் தோன்றி, பெலாருஸ் வழியாக வருகிறது. மொத்தம் சுமார் 1,020 கிலோமீட்டர். 1990 நவம்பரில் பெலாருஸின் நோவபோலத்ஸ்க் ஆலையிலிருந்து சயனைடு சேர்மம் கலந்து மீன்கள் பெருமளவில் மடிந்தன. 2007 மார்ச்சில் அங்கே டீசல் குழாய் உடைந்து எண்ணெய்ப் படலம் லாத்வியா வரை மிதந்து வந்தது. மூன்று நாடுகளுக்கும் 2003-இல் ஓர் ஒப்பந்த வரைவு தயாரானது, கையெழுத்தாகவில்லை. இன்றைய அரசியல் சூழலில் ஆகும் என்றும் நான் நம்பவில்லை. ஒன்றிய ஆணையின்படி, அயல்நாடு ஒத்துழைக்காவிட்டாலும் உறுப்பு நாடு தன் பகுதிக்குத் திட்டம் எழுதியே ஆக வேண்டும். லாத்வியர்களுக்கு இந்த ஆறு வெறும் நீர்வழியும் அன்று: தவுகவ்பில்ஸ் அணைத் திட்டத்துக்கு எதிராக 1986-இல் எழுந்த கிளர்ச்சி, அடுத்த ஆண்டே மாஸ்கோவை அந்தத் திட்டத்தைக் கைவிட வைத்தது; விடுதலை இயக்கத்தின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

மறுமொழி 4: மதகடி

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. இலக்கை எட்டாததற்காக லாத்வியக் குடிமகன் ஒருவர் மையத்தின் மேல் வழக்குத் தொடுப்பதால் பெரிய பயன் இராது. ஒன்றியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. ஆனால் 2015 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் வேஸர் ஆற்றை ஆழப்படுத்தும் வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பை (சி-461/13) நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு திட்டத்தால் நீர்நிலையின் ஏதேனும் ஓர் அளவுகோல் ஒரு வகுப்பு இறங்கினாலே அது சீர்கேடுதான் என்றும், விதிவிலக்குக்குத் தகுதி பெறாவிட்டால் அத்தகைய திட்டத்துக்கு அனுமதியை மறுத்தே ஆக வேண்டும் என்றும் அது சொன்னது. அதுவரை வழிகாட்டிக் குறிப்பாகப் பலர் கருதிய இலக்கு, அனுமதி வழங்கும் அதிகாரியின் மேசையில் ஒரு கட்டளையானது.

காலக்கெடு நீட்டிப்பும் சட்டத்துக்குள்தான் நடக்கிறது. ஆணையின் 4-ஆவது பிரிவு, தொழில்நுட்பக் காரணம், மிகையான செலவு, இயற்கைச் சூழல் ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்லி 2027 வரை நீட்டிக்க இடம் தருகிறது. அதன் பிறகு இயற்கைச் சூழல் ஒன்றே ஏற்கப்படும். ஆகவே லியெலுபெ படுகையின் மூன்று சுற்றுத் திட்டங்களையும் எடுத்து, ஒரே நீர்நிலைக்கு ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். செலவு என்று எழுதி வந்த இடத்தில் மூன்றாம் சுற்றில் இயற்கைச் சூழல் என்று மாறியிருந்தால், மண் எப்போது மாறியது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.