16 ஆம்ப் சாக்கெட் பழுப்பாகிறது, இதிலேயே காரை சார்ஜ் போடலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு. எலக்ட்ரிக் கார் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வண்டியோடு கொடுத்த சார்ஜரைக் கீழே பார்க்கிங்கில் உள்ள 16 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டுகிறேன். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறு வரை ஓடும். போன வாரம் பிளக்கை உருவும்போது கை சுட்டது. ஒரு ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. ஆனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை! எலக்ட்ரீஷியன் "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு சார், ஒன்றும் ஆகாது" என்கிறார். வீட்டு ஓனரோ, கீசருக்குப் போடுகிற அதே சாக்கெட்தானே என்கிறார்.

பேனல்போர்டு:
முதலில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். எம்சிபி விழாது, ஏனென்றால் சார்ஜர் இழுப்பது 15 ஆம்புக்குள்தான். சூடு பிறப்பது லூசான இடத்தில். அங்கே பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 15 ஆம்பில் 22 வாட் சூடு வரும். சின்ன சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் செருகி வைத்த மாதிரி. கீசர் கொஞ்ச நேரத்தில் தானாக ஆஃப் ஆகிவிடும், கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். ஓனருக்கு இதைச் சொல்லுங்கள்.

முத்திரை பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இந்தியத் தர விதி ஐஎஸ் 1293 பொதுவான பிளக், சாக்கெட்டுக்கு. வண்டி சார்ஜிங்குக்கு ஐஎஸ் 17017 என்று தனி வரிசையே இருக்கிறது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், தனி எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் 'ஏ' டைப் கேளுங்கள். கடைக்காரர் 'ஏசி' டைப்பை நீட்டுவார். சார்ஜரிலிருந்து டிசி கலந்த கசிவு வந்தால் அந்த 'ஏசி' டைப் கண்டுபிடிக்காமல் போகலாம்.

ஒயிட்ஃபீல்டுக்காரன்:
எர்த்தையும் பாருங்கள். எங்கள் பேஸ்மெண்டில் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி அடம்பிடித்தது. கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டிய நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 18 வோல்ட். புது எர்த் குழி தோண்டிய பிறகுதான் சரியானது. அதுவரை எல்லோரும் காரைத்தான் திட்டினோம்.

அல்சூர்வாசி:
மெயினை ஆஃப் செய்துவிட்டு இன்று வேறொருவரைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தோம். நியூட்ரல் ஸ்க்ரூ விரலால் சுற்றினாலே சுற்றுகிறது. ஒயரின் உறை ஒரு அங்குலம் கருகிப்போயிருக்கிறது. அதுவும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்! தண்ணி மோட்டாரும் அதே லைனில்தான். அந்த ஒயரை ஓனர் கையிலேயே கொடுத்தேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பாதிச் செலவைத் தருகிறேன் என்றார். புது லைன் வரும்வரை ஆபீசில்தான் சார்ஜ்.