கோத்தகிரி லோடு பிக்கப்புக்கு எந்த இன்ஜின் ஆயில்?

வணக்கம் நண்பர்களே. வண்டி பிஎஸ்6 டீசல் பிக்கப், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ளது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், முட்டைக்கோஸ் லோடு. கையேட்டில் 5டபிள்யூ-30 (ஆயிலின் பிசுக்கு கிரேடு), எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று போட்டிருக்கிறது.

சிக்கல் இதுதான். ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லை, டீசல் வாடை. 33 கிலோமீட்டர் இறக்கத்தில் சைலன்சர் சூடேறுவதில்லை, அதனால் கரி முழுதாக எரிவதில்லை. டிபிஎஃப் கரியை எரிக்கப் பீய்ச்சும் கூடுதல் டீசல், எரிப்பு பாதியில் நின்றால் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கிவிடுகிறது. இதை ஆயில் ஏறுகிறது என்று சந்தோஷப்படக் கூடாது, பேரிங் போய்விடும்.

கடையில் 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ் என்ற பழைய டீசல் ஆயில் தரத்தில் தருகிறார்கள். அது வேண்டாம், அதன் சாம்பல் டிபிஎஃப்பிலேயே தங்கும், எரியாது.

சிகே-4 என்ற புதிய தரத்தில் 15டபிள்யூ-40 ஊற்றலாமா? சாம்பல் 1 சதவீதத்துக்குள்தான். மார்கழிக் குளிரிலும் ஸ்டார்ட்டிங் பிரச்சினை வராது, 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். வாரண்டி மட்டும்தான் யோசனை. மலையில் பிஎஸ்6 ஓட்டுபவர்கள் எந்த கிரேடு ஊற்றுகிறீர்கள், எத்தனை கிலோமீட்டரில் மாற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.