மறுமொழி: டிஸ்பேச்சர் – ‘அனுப்புநர்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்காகப் பிறையில் நாங்கள் லோரிப் போக்குவரத்துக் கையேடு ஒன்றை எழுதிவருகிறோம். எந்த லோரி, எந்த ஓட்டுநர், எந்தச் சரக்கு என்று திட்டமிடும் டிஸ்பேச்சரை அதில் ‘அனுப்புநர்’ என்றால் போதும் என்கிறார் கிள்ளான் நண்பர். எனக்கு ஒப்பவில்லை. சரக்குச் சீட்டில் அனுப்புநர் என்றால் சரக்கை ஒப்படைத்த நிறுவனம். ஒரே தாளில் இரண்டு அனுப்புநர்கள் இருந்தால் கணக்கர் யாருக்குக் கட்டணப் பட்டியல் போடுவார்?

டிஸ்பேச்சரின் வேலையைப் பாருங்கள். பட்டர்வொர்த் வடக்குக் கொள்கலன் முனையத்தில் இறங்கிய 40 அடிக் கொள்கலன் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். சுங்க அனுமதி வந்துவிட்டதா? ஓட்டுநரின் கனரக வண்டிக்கான ஈ வகுப்பு உரிமமும், சரக்கு வண்டி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். உரிமமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா? காலை நெரிசலில் தீவுக்குப் போகப் பழைய பாலமா, பத்து காவானுக்கு இறங்கிப்போய் 2014இல் திறந்த இரண்டாம் பாலமா? பின்னதில் டீசல் கூடும், ஆனால் தீவுக் கரையிலுள்ள பத்து மாவுங்கில் ஏறினால் தொழிற்பேட்டை பக்கம்தான். சரக்கை இறக்கியபின் காலிக் கொள்கலனைக் கெடுவுக்குள் திருப்பாவிட்டால் கப்பல் நிறுவனம் தாமதக் கட்டணம் விதிக்கும். திரும்பும் வண்டிக்கு ஏற்றுமதிச் சரக்கு பிடித்துக் கொடுப்பவரே கெட்டிக்காரர். இவ்வளவில் அனுப்புவது ஒரு நொடி வேலை.

லோரி ஒருமுறை போய்வருவதற்குத் தமிழில் ‘நடை’ என்று பெயர் இருக்கிறது. மூன்று நடை மணல் என்றால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. எந்த நடைக்கு எந்த வண்டி, எந்த ஆள் என்று முடிவு செய்பவர் நடை ஒதுக்குநர். காலியாக ஓடுவது வெறுநடை. ‘ஏவலர்’ என்ற பரிந்துரையை விட்டுவிடலாம். ஓட்டுநர்களை ஏவலாட்களாக்கும் சொல்லோடு பிள்ளைகள் வேலைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பல அமெரிக்காவுக்கானவை. அங்கே தனியாகத் தொழில் செய்யும் டிஸ்பேச்சர், சொந்த லோரி ஓட்டுபவருக்குச் சரக்கு தேடித்தந்து வாடகையில் ஒரு விழுக்காடு வாங்கிக்கொள்கிறார். அவரைச் சுமை முகவர் எனலாம், தரகர் எனக் கூடாது. அங்கே தரகருக்குத் தனி உரிமமும் 75,000 டாலர் பிணையும் வேண்டும். ஒரு பணிமுறையில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பதும் அந்நாட்டு விதி. இங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை தேடும் பிள்ளை இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு நேர்காணலுக்குப் போனால் விழிக்க வேண்டியதுதான்.

– பட்டர்வொர்த்திலிருந்து

~~~

ஐயா, வெறுநடையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘ஒதுக்குநர்’ சற்று நெருடுகிறது. ஜூரு அருகே டயர் வெடித்து வண்டி நின்றால், வாடிக்கையாளருக்குச் சொல்லி மாற்று வண்டி ஏற்பாடு செய்வதும் அவர்தானே? இருந்தாலும் ‘அனுப்புநரை’விட இது மேல். கையேட்டில் முதன்முதலாக வரும் இடத்தில் ‘டிஸ்பேச்சர்’ என்பதையும் பக்கத்தில் போடுங்கள். வேலை விளம்பரங்களில் பிள்ளைகள் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

– கிள்ளானிலிருந்து