'யார்ன் ஓவர்' தமிழில் எப்படி? வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே 12 பெண்களுக்கு ரேந்தைப் பின்னல், அதாவது ஊசிகளால் துளைத்துளையாகப் பின்னும் லேஸ், சொல்லித்தருகிறேன். முதல் பாடம் ஒரு முக்கோணச் சால்வை. செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டிச்சுக்குக் 'கண்ணி' என்று வைத்துவிட்டேன். யார்ன் ஓவரில் நிற்கிறேன். நூலை முன்னே கொண்டுவந்து, வலது ஊசியின் மேலாகப் போட்டு, அடுத்த கண்ணியைப் பின்ன வேண்டும். ஊசியில் ஒரு கண்ணி கூடும், அதனடியில் துளை விழும். 9 கண்ணியில் தொடங்கும் சால்வையில், ஒற்றைப்படை வரிசைதோறும் இரு ஓரங்களிலும், நடுவில் தண்டுபோல ஓடும் கண்ணியின் இரு பக்கமும் இப்படி நான்கு கூடும். 'நூல் மேலே' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு அம்மா நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "இப்ப எங்கே போடணும்?" என்றார். தப்பு என் சொல்லில்தான்.

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

அம்மா, துளையைக் கண் என்பது நம் மரபு. சிலம்பில் 'மான்கட் காலதர்' வருகிறது. மான்கண் போன்ற துளைகளை உடைய சாளரம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இந்தத் துணியும் காற்றுக்கு வழிவிடுகிறதே! 'காலதர்க்கண்ணி' என்றே எழுதுங்கள். ரேந்தை போர்த்துக்கீசியச் சொல். அதை எடுத்துவிட்டுத் 'துளைப்பின்னல்' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய்

ஐயா, என் அம்மம்மா தலையணை உறை விளிம்பை 'ரேந்தை' என்றுதான் சொல்லுவா. சன்னலும் போர்த்துக்கீசியம்தான். அதை விட்டுவிட்டுக் காலதரைத் திற என்று வீட்டில் யாரும் சொல்லுவதில்லை. வகுப்புக்கு வரும் பெண்ணுக்குச் சிலப்பதிகாரமும் சேர்த்துப் படிப்பிக்க நேரம் இருக்கிறதா? 'துளைக்கண்ணி' போதும்.

நாகர்கோவிலிலிருந்து, செவ்வாய்

ரேந்தையை விடாதீர்கள். ஆனால் எங்கள் ஊரில் மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த ரேந்தை வேறு. அது தலையணைமேல் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டு முடைவது. அதில் பின்னல் ஊசியும் இல்லை, ஏறும் கண்ணியும் இல்லை. தாளில் 'ஊசி ரேந்தை' என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

சென்னையிலிருந்து, புதன்

துளைக்கண்ணியில் எனக்குத் தயக்கம் உண்டு. யார்ன் ஓவரை அடுத்த வரிசையில் முறுக்கிப் பின்னினால் துளை மூடிக்கொள்ளும், கண்ணி மட்டும் மிஞ்சும். கை செய்வதைத்தான் பெயர் சொல்ல வேண்டும். சுற்றுக்கண்ணி என்றால் வட்டப் பின்னலின் 'சுற்று' குழப்பும். என் சொல் 'ஏற்றுகண்ணி'. ஊசியில் ஏற்றுவது, எண்ணிக்கையை ஏற்றுவது, இரண்டும் வந்துவிடும். இரண்டைச் சேர்த்துப் பின்னுவது 'சேர்கண்ணி'. சால்வையின் உட்பூவில் ஒரு ஏற்றுகண்ணிக்கு ஒரு சேர்கண்ணி போட்டால் கணக்கு மாறாது. ஊறுகாய்போல வினைத்தொகை, அதனால் 'க்' மிகாது.

மதுரையிலிருந்து, புதன்

மிகும். ஏற்று இங்கே ஏற்றத்தைக் குறிக்கும் பெயர். வன்றொடர்க் குற்றியலுகரம், எனவே 'ஏற்றுக்கண்ணி'. பத்துப்பாட்டு என்று எழுதுகிறீர்கள், பத்துபாட்டு என்றா எழுதுகிறீர்கள்?

சென்னையிலிருந்து, புதன்

பத்து எண்ணுப்பெயர் ஐயா. ஏற்றிய கண்ணி, ஏற்றுகிற கண்ணி, ஏற்றும் கண்ணி என்று முக்காலத்துக்கும் விரிகிறதே!

கோத்தகிரியிலிருந்து, வெள்ளி

தாள் போய்விட்டது. பதில் எழுதியவர்களில் ஏழு பேர் ஏற்றுகண்ணி என்றீர்கள், அதையே 'க்' இல்லாமல் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அக்கா இன்னமும் துளைக்கண்ணிதான் என்கிறார். மதுரை ஐயா உடன்படவில்லை என்பதைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் ஊசிமேல் நூல் ஏறும் படமும் உண்டு.

நேற்று மாதிரிச் சால்வையை 20 ஒற்றைப்படை வரிசை வரை கொண்டுவந்தேன். ஊசியில் சரியாக 89 கண்ணிகள். கசங்கிய வலைபோலச் சுருங்கித்தான் கிடக்கிறது. முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, மெத்தைமேல் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால் துளைகள் திறக்கும். அந்த வேலைக்கு 'விரித்துக் காயவைத்தல்' என்று எழுதியிருக்கிறேன். தலைப்பில் போட நீளமாக இருக்கிறது. ஒரே சொல் யாரிடமாவது உண்டா?