ரேஸ் ஷோ தொகுப்பாளர் வேலை: பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈசிஆர்_வாசி:

'அமேசிங் ரேஸ்' (ஜோடி ஜோடியாக உலகம் சுற்றி ஓடும் அமெரிக்க டிவி போட்டி; ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் விரித்திருக்கும் பாயில் கடைசியாக வந்து நிற்கும் ஜோடி பெரும்பாலும் வெளியேற வேண்டும்) பற்றி இங்கே ஓடிய பேச்சில் ஒருவர், "அந்தத் தொகுப்பாளர் ஃபில் கியோகன் அப்படி என்னதான் செய்கிறார்? ஊர் ஊராகப் போய்ப் பாயில் நின்று, நீங்கள்தான் கடைசி என்று சொல்வதற்கு ஒரு ஆளா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை. இந்த மாதிரி போட்டிகளைத் தொகுத்தவர்களோ, தொகுப்பவருக்குப் பக்கத்தில் நின்றவர்களோ இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

நான் சினிமாவுக்கும் விளம்பரப் படங்களுக்கும் லொக்கேஷன் பார்த்துக் கொடுக்கிறவன். சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு ரேஸ் நிகழ்ச்சி சென்னைப் பக்கம் வந்தபோது உள்ளூர் வேலையில் ஒரு பங்கு என் தலையில் விழுந்தது. பெயர் கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அமேசிங் ரேஸ் இல்லை. அது 2006-இல் பத்தாவது சீசனுக்காக சென்னை வந்து, முதலைப் பண்ணை, கோலம், டிரைவிங் ஸ்கூல் கார் என்று ரகளை செய்துவிட்டுப் போனது. அப்போது நான் காலேஜ் பையன்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம், தொகுப்பாளரும் ஓடுகிறார் என்பதுதான். அதுவும் போட்டியாளர்களுக்கு முன்னால். ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு கேமராமேனும் ஒரு சவுண்டுக்காரரும் கூடவே போவார்கள். அமேசிங் ரேஸில் இரண்டு பேர் கவுன்டரில் நின்றுகொண்டு நான்கு டிக்கெட் கேட்பது அதனால்தான். தொகுப்பாளரின் குழு தனி. ஜோடிகள் வருவதற்குள் அவர் டாஸ்க் நடக்கும் இடங்களுக்குப் போய், "இங்கே இவர்கள் செய்ய வேண்டியது இது" என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டு, கடைசி இடத்துக்குப் போய்ப் பாயில் நிற்க வேண்டும். முதல் ஜோடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல டாக்ஸிக்காரர் கிடைத்து நேராக வந்துவிட்டார்கள் என்றால் தீர்ந்தது கதை.

அன்றைக்குக் கோவளத்தில், படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலில், எங்கள் நிகழ்ச்சியின் தொகுப்பாளர் சொல்ல வேண்டியது நாலே வரி. முதல் டேக்கில் ஐஸ் லாரி ரிவர்ஸ் எடுத்தது. அடுத்ததில் காக்கைகள். அப்புறம் கோயில் ஒலிபெருக்கி. அதை நிறுத்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நடு டேக்கில் எழுந்து வந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று தமிழிலேயே கேட்டார். மனுஷன் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. கை கொடுத்தார், ஊர் பெயரைச் சொன்னார், பெரியவர் திரும்பி உட்காரும் வரை காத்திருந்தார், பிறகு முதல் வரியிலிருந்து அதே ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தார். நம் ஊர் டிவி ஆட்களோடு வேலை செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்: இது லேசில் வராது.

சட்டை விஷயம் சொல்ல வேண்டும். காலையில் எடுத்ததும் ராத்திரி எடுத்ததும் ஒரே நாளாகத் தெரிய வேண்டும். ஆனால் நம் வெயிலுக்குப் பத்து நிமிஷத்தில் முதுகு நனைந்துவிடுகிறது. வேனுக்குள் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே மாதிரி சுருட்டிய கையோடு நீலச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. காஸ்ட்யூம் பார்க்கும் பெண் நனைந்ததை வாங்கிக் காய்ந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் ஒரு தடவை நின்றபோது விளக்குக்காகக் கத்தியவர்களைவிட ஹேர் டிரையருக்காக அந்தப் பெண் கத்தியதுதான் பெரிய சத்தம்.

பாய்க்கு வருவோம். முதல் ஜோடி சாயங்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கடைசி ஜோடி வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. நடுவில் முழுக்கக் காத்திருப்புதான். உள்ளூர் சார்பாக "வணக்கம், தமிழ்நாட்டுக்கு நல்வரவு" என்று சொல்ல ஒரு அம்மாவைப் பட்டுப்புடவையில் நிறுத்தியிருந்தோம். அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னது தொகுப்பாளர்தான். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாலை வாடிப்போய், புது மாலைக்குத் திருவான்மியூர் வரை பைக்கில் ஆள் அனுப்பினோம்.

வாக்கிடாக்கியில் "ரெண்டு நிமிஷம்" என்று வந்தால் எழுந்துவிடுவார். ஒரு வாய் தண்ணீர், காலர் சரி, அவ்வளவுதான். அதற்கப்புறம் முகத்தில் ஒன்றுமே இருக்காது. முதல் ஜோடிக்கும் அந்த முகம்தான், கடைசி ஜோடிக்கும் அதேதான். ஓடி வருகிறவர்கள் பாயில் கால் வைக்கும் முன்பே அவர் முகத்தைத்தான் படிக்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் உதடு சுழித்தால்கூடப் போச்சு. அந்த நீண்ட மௌனம் எடிட்டிங்கில் இசை போட்டு இழுத்தது என்று நினைத்திருந்தேன். நேரிலும் அவ்வளவு நீளம்தான். தள்ளி நின்ற எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

அன்றைக்கு வெளியேறியவர்கள் அக்கா தங்கை இருவர். கேமரா அணைந்த பிறகு அவர்களோடு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அழுதாள். பெரியவளுக்கு ஆட்டோக்காரர் மேல் கோபம். வழி தெரியாமலே தெரியும் என்று தலையாட்டிவிட்டாராம். எங்கள் சாப்பாட்டு வண்டியிலிருந்து பிரெட் ஆம்லெட் வந்தது, மூன்று பேரும் சாப்பிட்டார்கள். இதெல்லாம் டிவியில் வரவில்லை. விடிவதற்குள் அவருக்கு அடுத்த ஊருக்கு ஃபிளைட்.

---

மைலாப்பூர்_மாமா:

கேள்வி கேட்டது நான்தான் சார். சரி, நாற்காலி விஷயத்துக்காக ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சிறந்த ரியாலிட்டிப் போட்டிக்கான எம்மி என்ற அமெரிக்க டிவி விருதை அமேசிங் ரேஸ் பத்து தடவை வாங்கியிருக்கிறது, 2003-இலிருந்து தொடர்ந்து ஏழு வருஷம். தொகுப்பாளருக்கான எம்மி 2008-இல் ஆரம்பித்தது. முதல் நான்கு வருஷமும், ஆட்கள் ஒருவரையொருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றும் 'சர்வைவர்' போட்டியின் தொகுப்பாளர் ஜெஃப் புரோப்ஸ்ட் எடுத்துக்கொண்டு போனார். ஃபில்லுக்கு ஒரு தடவைகூட இல்லை. அப்படி நினைப்பது நான் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

---

ஸ்கார்பரோ_தம்பி:

மாமா, அது வேற வேலை, இது வேற வேலை. சர்வைவர்ல தொகுப்பாளர் ஆக்களைச் சுத்தியிருத்திக் கதை கேட்டு, கிண்டிக் கிளறி, சண்டை மூட்டுவார். ரேஸில அவருக்கு ஒரு ஜோடியோட கிடைக்கிறது சில நிமிஷம்தான்.

எங்கட கனடா ரேஸை 2013-இல் தொடங்கினபோது தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கோ: ஜான் மான்ட்கமரி. 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில ஸ்கெலிட்டன் போட்டியில, அதாவது தலை முன்னுக்கு இருக்கப் பனியில சறுக்கிற விளையாட்டில, தங்கம் வென்றவர். அதோட அவர் ஏலம் விடப் படிச்ச மனுசன். குரல் எங்கயிருந்து வருகுது எண்டு இப்ப விளங்குதா? ஹிந்தியில மோட்டார் சைக்கிள் பயணப் போட்டியான 'ரோடீஸ்' நிகழ்ச்சியிலயும் முதல் சீசன் வென்ற ரண்விஜய்தான் பிறகு கன காலம் அதை நடத்தினவர். ஓடித் தோத்து வந்து நிக்கிற ஆளுக்கு முன்னால, போட்டி எண்டா என்ன எண்டு தெரிஞ்ச ஒருவர் நிற்கிறது நல்லது எண்டுதான் எனக்குப் படுகுது.

---

கிள்ளான்_மாறன்:

அண்ணே, நான் டிவி ஆள் இல்லை. ஆனால் எங்கள் மலேசியாவில் ட்ரெஷர் ஹன்ட் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். காடிக்கு, அதாவது காருக்கு, நான்கு பேர், கையில் கேள்வித்தாள். விடை எல்லாம் சாலையோரப் பெயர்ப் பலகைகளில் ஒளிந்திருக்கும். கண்ணை ரோட்டோரம் வைத்தபடி ஊர் ஊராகப் போக வேண்டும். இதை நடத்துகிறவரை சி.ஓ.சி. என்போம், கிளார்க் ஆஃப் த கோர்ஸ். பாதை போடுவது, புதிர் எழுதுவது, ராத்திரி விருந்தில் மேடை ஏறி விடை சொல்வது எல்லாம் அந்த ஒருவர்தான். எங்கள் சங்கத்துக்கு அந்த வேலையை நான் செய்கிறேன்.

நீங்கள் சொன்ன 'முன்னால் ஓடுவது' இங்கேயும் உண்டு. கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் பாதை போட்டிருந்தேன். போட்டி அன்று காலையில் பசியாறாமல்கூடக் கிளம்பி முழுப் பாதையையும் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தேன். தஞ்சோங் மாலிமில் ஒரு கடைக்காரர் ராவோடு ராவாகப் பலகையை மாற்றிப் புதுசு மாட்டியிருக்கிறார்! பதினோராம் கேள்விக்கு விடையே இல்லை. பாவ் விற்கிற கடை ஒன்றின் முன்னால் காடியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து வேறு கேள்வி எழுதினேன். போட்டியாளர்களுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது.

முகத்தை மூடி வைப்பதுதான் கஷ்டம். என் மச்சானும் ஒரு காடியில் இருந்தான். வழியில் பீடோரில் கொய்யா வாங்க நின்றவன், அங்கே என்னைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பலகையாகக் கை காட்டி என் முகத்தையே பார்க்கிறான். நான் கொய்யாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவன் பரிசு வாங்கவில்லை. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இன்னொன்று, இதில் வேகமாக ஓட்டினவர் ஜெயிப்பதில்லை. விடைக்குத்தான் புள்ளி, நேரம் தாண்டினால் கழிப்பார்கள். ஆக, கடைசியாக வந்த காடிக்குக்கூட மேடையில் விடை சொல்லி முடிக்கும் வரை நம்பிக்கை இருக்கும். அந்த ஒரு மணி நேரம் அத்தனை பேர் கண்ணும் மேடையில் நிற்கிறவர் மேல்தான். "அந்த விடை எப்படி வரும்?" என்று ஒருவர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாதாடுவார். சிரித்தால் கேலி என்பார், சிரிக்காவிட்டால் திமிர் என்பார். ஃபில்லை யாரும் அப்படிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை, கொடுத்து வைத்தவர்.

---

குமரி_முனை:

எல்லாரும் தொகுப்பாளர் வேண்டும் என்றே பேசுகிறீர்கள். தொகுப்பாளரே இல்லாத ரேஸ் எங்கள் ஊரில் வந்து முடிந்தது தெரியுமா? பிபிசியின் 'ரேஸ் அக்ராஸ் த வேர்ல்டு', 2025-இல் வந்த ஐந்தாவது தொடர். சீனப் பெருஞ்சுவர் பக்கம் கிளம்பிக் கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். விமானம் கிடையாது, கைப்பேசி கிடையாது, கையில் அளந்து கொடுத்த பணம் மட்டும். கரோலின், டாம் என்று ஒரு அம்மாவும் மகனும் ஜெயித்தார்கள். பரிசு 20,000 பவுண்டு.

கடற்கரை ரோட்டில் எங்களுக்குச் சங்கு, பாசி விற்கிற கடை. சீசனில் கேமராவோடு வெள்ளைக்காரர்கள் வராத நாளா? அவர்கள் எப்போது வந்தார்கள், எந்தப் பக்கம் நின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் இருக்கிற பையன் தொடரைப் பார்த்துவிட்டு போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

அதில் பின்னணியில் ஒரு குரல் மட்டும் கதை சொல்லும், ஜான் ஹன்னா என்ற நடிகருடையது. தங்க வேண்டிய விடுதிக்கு வந்து சேர்ந்தால் அங்கே இருப்பது ஒரு பதிவேடு. பேரை எழுதப் போகும்போது மேலே எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்துத் தன் இடத்தைத் தானே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பாயும் இல்லை, பட்டுப்புடவையும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பும்போது அவர்கள் கை நடுங்குவது தெரிகிறதே, அதைவிடவா ஒருவர் புருவத்தைத் தூக்கிச் சொல்லிவிடப் போகிறார்?

---

ஈசிஆர்_வாசி:

குமரி அண்ணாச்சி சொன்னதைப் படித்துவிட்டு அந்தத் தொடரில் இரண்டு பகுதி பார்த்தேன். பதிவேடு நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் சரியாக நடக்கும்போதுதான் பதிவேடு போதும்.

2020 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசிங் ரேஸ் 33-ஆவது சீசன், மூன்று கட்டம் முடிந்திருந்தது, கொரோனா வந்துவிட்டது. பந்தயத்தை நிறுத்துகிறோம், வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று ஜோடிகளிடம் சொன்னது ஃபில்தான். திரும்பத் தொடங்கியது 2021 செப்டம்பரில், தனி விமானம் ஏற்பாடு செய்து. சில ஜோடிகளால் வர முடியவில்லை. ஏற்கெனவே வெளியேறிய இரண்டு ஜோடிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். "நீங்கள் வெளியே" என்று சொன்ன அதே வாயால் "வாருங்கள், ஓடுங்கள்" என்று சொல்ல ஒரு மனிதர்தான் வேண்டும்.

மாமாவுக்கு இன்னொன்று. ஃபில் நியூசிலாந்துக்காரர். 19 வயதில், அங்கே கடலில் மூழ்கிக் கிடந்த 'மிகாயில் லெர்மொண்டோவ்' என்ற சோவியத் பயணிகள் கப்பலுக்குள் படம் எடுக்க இறங்கி, வழி தவறி உள்ளேயே மாட்டிக்கொண்டு, உயிர் பிழைத்து வந்தவர். அதற்குப் பிறகுதான் சாவதற்குள் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். தொலைந்துபோன முகத்தோடு பாயில் வந்து நிற்பவர்களிடம் அவர் பேசுகிற விதத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், என் ஊகம்தான்.

---

புதுசு_நான்:

அண்ணா, அருமையான இழை. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து யூடியூபுக்கு ஒரு சின்ன ரேஸ் எடுக்கிறோம். திருச்சியில் ஆரம்பித்து ராமேஸ்வரம், அரசுப் பேருந்தில் மட்டும் போக வேண்டும். நான்தான் தொகுப்பாளர். ஏதாவது சொல்லுங்கள்.

---

ஈசிஆர்_வாசி:

தம்பி, வாழ்த்துகள். ஒரே மாதிரி சட்டை குறைந்தது நான்கு எடுத்துக்கொள். உனக்குத் தனி வண்டி வை; நீயும் பேருந்தில் போனால் முதல் ஜோடி உனக்கு முன்னால் போய்விடும். பாம்பன் பாலத்தில் காற்றுக்கு மைக் தாங்காது, பஞ்சு உறை போடு. பேசுவதைப் பாலத்துக்கு முன்பே, மண்டபம் ஊரிலேயே முடித்துவிடு. கோயில் பக்கம் கேமரா எடுக்கும் முன் அனுமதி கேள். டிரைவருக்குச் சாப்பாட்டுக் காசைக் காலையிலேயே கொடுத்துவிடு. ராத்திரி ஒன்பது மணிக்கு நீ கடைசி ஜோடிக்காகக் காத்திருக்கும்போது வண்டி இருக்குமா இருக்காதா என்பது அதில்தான் இருக்கிறது.